கலவரம் கண்ட தெருவுக்கு முதலில் போக வேண்டியது எது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. கோயம்புத்தூர் உக்கடம் பெரியகுளம். கரையில் நடைபாதை, வண்ண விளக்கு, குடும்பம் குடும்பமாக மக்கள். "ஒரு காலத்தில் பெயரைக் கேட்டாலே பயந்த இடம், இன்று எப்படி இருக்கிறது பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவரை சரி. அடுத்தவர் எழுதினார்: "இடம் மாறிவிட்டது சார். சுற்றி இருக்கும் ஆட்களையும் கிளப்பிவிட்டால் முழுசாகச் சரியாகிவிடும்." அதற்குப் பலர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். எல்லாரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள். குழுவில் பதில் எழுதினால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலவரம் நடந்த ஏழைத் தெருவைச் சீர்படுத்துவது என்றால் அங்கே இருப்பவர்களைக் கிளப்புவது அல்ல. சுவருக்கு வண்ணம் அடிப்பதும் அல்ல. அங்கே இருப்பவர்கள் அங்கேயே பயமில்லாமல், மரியாதையோடு பிழைக்க வழி செய்வது. அதற்கு நான்கு வேண்டும். காலடி மண்ணுக்குப் பட்டா, பிழைப்புக்கு ஓர் இடம், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், நேரத்துக்கு பஸ். இந்த நான்கும் இல்லாமல் செய்வது எல்லாம் புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலைதான்.

கோவையில் என்ன நடந்தது என்று இளைய நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அடுத்த மூன்று மாதத்துக்குள், 1998 பிப்ரவரி 14 அன்று, தேர்தல் பிரச்சார நேரத்தில் நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 200க்கும் மேல். காய்கறி வாங்கப் போனவரும் ஆஸ்பத்திரிக்குப் போனவரும் செத்தார்கள். கொன்றவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது, எந்தப் பக்கத்திலும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து தீனி தின்றது என்று பார்க்காமல் விட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை எல்லாம் நெருக்கமான சந்துகள் உள்ள, ஏழைகள் நிறைந்த பகுதிகள். 1980களிலும் 90களிலும் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. மில் வேலை இல்லாதவனுக்கு நடைபாதைதான் கதி. ஒப்பணக்காரத் தெரு, பெரிய கடைவீதி ஓரங்களில் துணியும் செருப்பும் பழமும் விற்றார்கள். வாடகை கட்டிக் கடை வைத்திருந்தவருக்கும் தரையில் விரித்து விற்றவருக்கும் தகராறு. இந்தத் தகராறு எந்த ஊரிலும் உண்டு; நம் தஞ்சாவூர் கீழவாசலிலும் உண்டு. கோவையில் அதற்கு மதச் சாயம் பூசினார்கள். அடுப்பில் ஏற்கெனவே இருந்த நெருப்புக்கு ஆளாளுக்கு விசிறினார்கள்.

அதற்குப் பிறகு அரசு அந்தப் பகுதிக்கு அனுப்பிய முதல் பொருள் என்ன? சோதனைச் சாவடி. கோட்டைமேட்டுக்குள் போகும் வழிகளில் காவலர்களும் தடுப்புகளும். குண்டு வெடித்த மாதத்தில் அது தேவைதான். ஆனால் அவை வருடக் கணக்கில் நின்றன. 2006 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள். 1998இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருக்கும். ஆசிரியராக எனக்கு அதுதான் கணக்கு. தன் வீட்டுக்குப் போக யாரோ ஒருவரிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டு ஒரு குழந்தை எட்டு வருடம் வளர்கிறது. நாம் வகுப்பறையில் "இந்தியா என் தாய்நாடு" என்று காலையில் உறுதிமொழி சொல்ல வைக்கிறோம். தெருமுனையில் வேறு பாடம் நடக்கிறது.

அந்த முகவரி ஒரு சுமையாகவும் ஆனது. எந்த ஊரிலும் கெட்ட பெயர் விழுந்த தெருவுக்கு இது நடக்கும். கடன் கேட்டால் தயக்கம், வாடகைக்கு வீடு கேட்டால் தயக்கம், பெண் கேட்டால் தயக்கம். வேலை நேர்காணலில் ஊர் பெயர் கேட்டதும் முகம் மாறும். குற்றம் செய்தவன் ஜெயிலுக்குப் போனான். செய்யாதவனுக்குத் தெருவே ஜெயிலானது.

இப்போது 2022க்கு வாருங்கள். அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை. அதே கோட்டைமேட்டில், கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு முன்னால் ஒரு கார் வெடித்து, அதை ஓட்டி வந்தவர் இறந்தார். 1997 மாதிரி ஆகிவிடுமோ என்று மாநிலமே பயந்தது. ஆகவில்லை. சில நாள்களில் அந்தப் பகுதி ஜமாத்தார்கள் அதே கோயிலுக்கு நேரில் போய் அர்ச்சகர்களையும் நிர்வாகத்தாரையும் சந்தித்துப் பேசினார்கள். கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வட்டாரத்தில் எத்தனையோ தலைமுறையாக இருப்பவை. அந்த உறவுதான் அன்று ஊரைக் காப்பாற்றிய காரணங்களில் முக்கியமானது என்பது என் எண்ணம். காவல்துறையின் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டிலேயே இருந்தால்தான் இப்படி எழுந்து போய்ப் பேச முடியும். "ஆட்களைக் கிளப்பிவிடுங்கள்" என்று சொல்பவர் இந்த உறவையும் சேர்த்துத்தான் கிளப்பச் சொல்கிறார்.

1998ஐ இன்னும் இரண்டு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறேன்.

ஒன்று, சமத்துவபுரம். தென் மாவட்டங்களில் 1990களின் நடுவில் சாதிக் கலவரங்கள் நடந்தன. அதற்குப் பதிலாகக் கலைஞர் அரசு கொண்டுவந்த திட்டம் அது. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள், 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வரிசை மாற்றிக் கலந்து கொடுத்தார்கள். யோசனை பெரியது. சாதிவாரியாகத் தெரு பிரிந்து கிடக்கும் நாட்டில் அரசே கலந்து குடியேற்றியது சாதாரண விஷயமில்லை. பிறகு இருநூறுக்கும் மேல் கட்டினார்கள். ஆனால் பல இடங்களில் ஊருக்கு வெளியே காலி நிலத்தில் கட்டினார்கள். ஆட்சி மாறியதும் பராமரிப்பு நின்றது. ஒழுகும் கூரையும் உடைந்த குழாயும்தான் மிச்சம். 2021க்குப் பிறகுதான் மறுபடி பழுது பார்த்தார்கள். மேலும் கலவரம் நடந்த பழைய தெரு பழைய தெருவாகவே இருந்தது. நூறு குடும்பத்துக்குப் புது ஊர் கொடுக்கலாம். மீதிப் பேர் இருக்கும் ஊரை யார் மாற்றுவது?

இரண்டாவது, கடல் கடந்த ஓர் ஊர். வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரம். அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரு பிரிவு. இரண்டும் கிறிஸ்தவம்தான், இருந்தும் முப்பது வருடம் வெட்டு, குத்து, குண்டு. 1998 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். உலகமே பாராட்டியது. கப்பல் கட்டும் பழைய துறைமுகப் பகுதியில் டைட்டானிக் அருங்காட்சியகம் எல்லாம் வந்தது. ஆனால் ஏழைகள் இருக்கும் தெருக்களில், 1969 முதல் இரு பக்கத்தையும் பிரித்து எழுப்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2023க்குள் எடுத்துவிடுவோம் என்று அரசு 2013இல் சொன்னது. எடுக்க முடியவில்லை. காரணங்களில் ஒன்று பள்ளிக்கூடம். இரு பிரிவுப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கும் பள்ளிகளில் இன்றும் பத்தில் ஒரு பங்கு மாணவர்கூட இல்லை. தனித்தனியாகப் படித்து, தனித்தனி பஸ் நிறுத்தத்தில் நின்று வளர்ந்தவன் சுவரை எதற்கு இடிக்கச் சொல்வான்?

அயர்லாந்து வரை போக வேண்டாம், நம் மண்ணுக்கே வருகிறேன். டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பாடம் தெரியாதா?

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் உயர்வு கேட்டதில் தொடங்கிய தகராறு. அன்று அது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த நீதி இன்றுவரை பாக்கிதான். அதை எந்தத் திட்டமும் ஈடுகட்டாது.

ஆனால் அதற்கு நடுவில் இரண்டு சட்டங்கள் வந்தன. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், நம் கீழ்த்தஞ்சைப் பகுதிக்காகவே. 1971இல் குடியிருப்புச் சட்டம். இந்த இரண்டாவது சட்டம் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு முன் பண்ணையாளின் குடிசை யார் மண்ணில் இருந்தது? மிராசுதார் மண்ணில். சங்கத்தில் சேர்ந்தால், கூலி கூடக் கேட்டால், "வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்பு" என்று ஒரு வார்த்தை போதும். சாட்டையைவிடப் பெரிய ஆயுதம் அந்த வார்த்தை. 1971 சட்டம் குடிசை இருந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கியது. நாலு குழி மண்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு கிளம்பு என்று சொல்ல ஆள் இல்லை. நிமிர்ந்து நிற்க முதலில் காலுக்கு இடம் வேண்டும் இல்லையா?

வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி செய்ததும் இதுதான். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தைப் பேசி வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். பகை தீர்ந்ததா என்றால் முழுசாகத் தீரவில்லை. தெருக்கள் இன்றும் தனித்தனிதான். ஆனாலும் பயம் குறைந்தது, கூலி கூடியது, அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் அந்த மாற்றத்தை வருகைப் பதிவேட்டிலேயே பார்த்தவர்கள். முதல் தலைமுறையாகப் பெயர் எழுதக் கற்றவர்கள் எங்கள் கையைப் பிடித்துத்தான் எழுதினார்கள்.

அதனால்தான் நகரத்தில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமை வருகிறது. கிராமத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் கற்ற பாடத்தை நகரத்தில் தலைகீழாக எழுதுகிறோம்.

கோவையில் குளங்களை அழகுபடுத்தும்போது கரையில் இருந்த குடும்பங்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் பக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். சென்னையில் கூவம் ஓரத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோதான் மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். 2000க்குப் பிறகு நகர எல்லைக்கு வெளியே தள்ளுவதே வழக்கமானது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் நன்றாக இருக்கிறது. வாழ்விடம் என்பது நாலு சுவர் மட்டுமில்லை என்று அந்தப் பெயரே சொல்கிறது.

கண்ணகி நகரில் சில வருடங்களுக்கு முன் சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் வெளியே அந்தப் பெயருக்கு இருந்த அவப்பெயரை அசைத்தது ஓவியமா? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அன்றைக்குத் தொலைக்காட்சியில் அந்தப் பகுதியின் பெயரை முதல்முறையாகப் பெருமையோடு சொன்னார்கள். ஒரு திடல், ஒரு பயிற்சியாளர், விடாமல் ஆடிய பிள்ளைகள். சுவரில் செலவழிப்பதைவிடத் திடலில் செலவழிப்பது லாபம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தஞ்சாவூரிலும் ஸ்மார்ட் சிட்டி வேலைகளின் போது கோட்டைச் சுவர், அகழி ஓரம், அலங்கம் பகுதி வீடுகளை எடுத்தார்கள். பிள்ளையார்பட்டிப் பக்கம் மாற்று இடம் கொடுத்தார்கள். இங்கே கலவரம் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நடப்பது ஒன்றுதான். கல்வியாண்டின் நடுவில் வீடு மாறும். பழைய பள்ளி தூரமாகிவிடும். புதுப் பள்ளியில் சேர மாற்றுச் சான்றிதழ், ஆதார், இருப்பிடச் சான்று என்று அலைவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த இரண்டு மாதத்தில்தான் எட்டாம் வகுப்புப் பையன் பெயிண்ட் வேலைக்குப் போய்விடுகிறான், பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கிறார்கள். பதிவேட்டில் "நீண்ட நாள் வருகையின்மை" என்று எழுதி ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நாற்றுப் பறித்து நடுவது டெல்டாவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பறித்த நாற்றை வெயிலில் போட்டுவிட்டு வயலை உழப் போக மாட்டோம். முதலில் வயலில் தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்து, பிறகுதான் நாற்றங்காலில் கை வைப்போம். பயிருக்குச் செய்வதை மனிதருக்குச் செய்ய மாட்டோமா?

சிலர் கேட்பார்கள்: "அப்படியானால் ஏரி, குளம், அகழி எல்லாம் ஆக்கிரமிப்பில் அழியட்டுமா சார்?" அழியக் கூடாது. காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவன் நான், நீர்நிலையின் அருமை எனக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் கரையில் இருக்கும் ஏழையின் வீடுதான். மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற இடம் உண்டு. என் கேள்வி எங்கே, எப்படி, யாரைக் கேட்டு என்பதுதான். அதோடு, ஏரிக்குள் கட்டிய பெரிய கட்டிடங்களுக்கும் இதே வேகத்தில் நோட்டீஸ் போகிறதா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: "தீவிரவாதம் பேசுகிறவனைப் பிடிக்க வேண்டாமா?" பிடிக்கத்தான் வேண்டும், ஆதாரத்தோடு, ஆளைப் பார்த்து. ஒரு தெரு முழுக்கச் சந்தேகப்பட்டால் தகவல் சொல்ல வருகிறவனும் வாயை மூடிக்கொள்வான். அது காவல்துறைக்கே நஷ்டம்.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

1. கலவரம் நடந்த பகுதியில் முதல் ஆறு மாதத்துக்குள் வருவாய்த்துறை முகாம் போட வேண்டும். எரிந்த வீட்டோடு எரிந்த ரேஷன் கார்டு, பட்டா, மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் அங்கேயே கொடுக்க வேண்டும். பட்டா கொடுக்கக்கூடிய இடத்தில் பெண்கள் பெயரில் பட்டா.

2. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014 மத்தியச் சட்டப்படி அடையாள அட்டையும் விற்பனை இடமும். ஊர் வியாபாரக் குழுவில் எல்லா மதத்தாரும் இருக்க வேண்டும். பிழைப்புத் தகராறு மதத் தகராறாக மாறுவதை இங்கேயே தடுக்கலாம்.

3. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மே மாதத்தில் மாற்றுங்கள். வீட்டுச் சாவிக்கு முன் பள்ளிச் சேர்க்கை. பழைய பள்ளியிலிருந்து புதுப் பள்ளிக்குப் பெயர்ப் பட்டியலை அதிகாரிகளே அனுப்ப வேண்டும், பெற்றோரை அலைய விடக் கூடாது.

4. பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணமில்லை என்று 2021இலேயே அறிவித்தாகிவிட்டது. நல்ல திட்டம். ஆனால் பஸ்ஸே வராத குடியிருப்பில் இலவசம் எதற்கு? காலை 5 மணிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் இரவு 10 மணிக்குக் கடை முடித்து வருகிறவருக்கும் பஸ் வேண்டும். தென் அமெரிக்காவில் மெடெயின் என்ற நகரம் போதைக் கும்பல்களின் சண்டையால் பெயர் கெட்டுப்போனது. அங்கே 2004இல் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிக்கு ரயிலோடு இணைத்து ரோப் கார் விட்டார்கள். 2011இல் இன்னொரு பகுதிக்கு நகரும் படிக்கட்டு போட்டார்கள். மாற்றம் போக்குவரத்தில் தொடங்கியது. நமக்கு ரோப் கார் வேண்டாம், 2 டவுன் பஸ் போதும்.

5. கலவரம் நடந்த வட்டாரத்தில் அரசுப் பள்ளியை மூடவே கூடாது. மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும் நடத்த வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டு வரிசையில் காலை உணவு சாப்பிடும் இடம் ஊரில் வேறு எது இருக்கிறது? அந்தக் காலை உணவுத் திட்டத்தை 2023இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கியது நம் திருக்குவளையில்தான். அந்த ஊர் வெண்மணிக்கு அருகில்தான் இருக்கிறது.

இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. தாசில்தார், மாநகராட்சி ஆணையர், முதன்மைக் கல்வி அலுவலர், போக்குவரத்துக் கழக மேலாளர் நான்கு பேரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். மேசைக்கு எதிரே அந்தத் தெருவைச் சேர்ந்த நான்கு பேருக்கும் நாற்காலி போட வேண்டும்; அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று வருவாய்த்துறையிலும் மாநகராட்சியிலும் காவல்துறையிலும் இருக்கிறீர்கள். சிலர் இந்தப் பதிவையும் படிப்பீர்கள். உங்கள் மேசைக்கு "அப்புறப்படுத்த வேண்டிய குடும்பங்கள்" என்று ஒரு பட்டியல் வரும்போது, அதில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று மூன்று கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். அந்த மூன்று கட்டமும் நிரம்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பழைய ஆசிரியர் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எந்த மதத்தையும் சாதியையும் இழித்து எழுதினால் நீக்கிவிடுவேன். கோவை நண்பர்கள், குறிப்பாகக் கோட்டைமேடு, உக்கடம் பகுதியில் வளர்ந்தவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதினால் எல்லாருக்கும் பயன்படும்.